சுங்குடியில் கச்சிதமாக இருந்த கவுன், பனியன் துணியில் ஏன் சாக்குப்பை ஆனது?

இந்த முறை ஒரே ஒரு கடிதம் பாதிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடிதத்தில் இருந்த சிக்கலைத்தான் வேறு வேறு வார்த்தையில் இன்னும் பல பேர் எழுதியிருக்கிறார்கள். சின்னக் கேள்விகளுக்குக் கடைசியில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வீட்டிலேயே தைக்கிறவள் நான். கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குச் சுங்குடிக் காட்டனில் முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு கவுன் தைத்தேன். வட்டக் கழுத்து, முழங்கை வரை கை, பக்கத்தில் டார்ட், முதுகில் ஜிப். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது, பேப்பர் கட்டிங்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே கவுன் பனியன் துணியில் வேண்டும் என்றாள், திருப்பூர் போய் வந்த உறவுக்காரர் துணியும் வாங்கி வந்தார், பில்லில் 'லைக்ரா ஜெர்சி 180' என்று இருக்கிறது. அதே பேப்பரை வைத்து வெட்டித் தைத்தேன். கழுத்து தொங்குகிறது, கை தோளை விட்டு இறங்கிவிட்டது, டார்ட் முனை மொட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது, ஜிப் மலைப்பாம்பு மாதிரி வளைகிறது, கீழ் மடிப்பு அப்பள ஓரம் மாதிரி நெளிகிறது. மகள் போட்டுப் பார்த்துவிட்டு "யாரோட டிரஸ்மா இது?" என்கிறாள். அவள் மார்பு அளவு 36, பேப்பரில் 40 வருகிறது. எங்கே எவ்வளவு குறைக்க வேண்டும்? (வாசகி, திருநகர்)

பதில்: உங்கள் தையலிலும் குற்றமில்லை, பேப்பரிலும் குற்றமில்லை. செல்லூர்ப் பக்கம் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெட்டுக்குப் பாவு, குறுக்கே ஊடு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் நெய்த துணி இழுத்தால் வராது, மூலைவாட்டில் இழுத்தால்தான் கொஞ்சம் இளகும். வராத துணிக்குள் மூச்சு விட வேண்டும், கை தூக்க வேண்டும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் 36 மார்புக்கு 4 இன்ச் லூஸ் வைத்து 40 வெட்டுகிறோம். தட்டையான துணி மார்பு மேட்டில் வளைய வேண்டும் என்று டார்ட், அதாவது முக்கோண மடிப்பு, பிடிக்கிறோம், தலை நுழைய வேண்டும் என்று ஜிப் வைக்கிறோம். பனியன் துணியில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகிறது, இழுத்தால் கண்ணி அகலும், விட்டால் திரும்பும். அதாவது லூஸும் டார்ட்டும் ஜிப்பும் பார்த்த வேலையைத் துணியே பார்த்துவிடும். நீங்கள் ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்துவிட்டீர்கள், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதனால் பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் துணியை இழுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் "எத்தனை இன்ச் குறைக்கணும்?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, நானும் உத்தேசமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். துணியைக் குறுக்குவாட்டில் மடித்துக்கொண்டு, ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதியில், 4 இன்ச் இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து இழுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டாம், துணி சுருண்டு கயிறு மாதிரி ஆவதற்கு முன் தானாக எங்கே நிற்கிறதோ அதுவரை போதும். 4 இன்ச் 5 ஆனால் 25 சதவீதம், 6 ஆனால் 50 சதவீதம். விட்டவுடன் மறுபடி 4-க்கே வருகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். நாலே கால் இன்ச்சில் நின்றுவிடுகிற துணியை உடம்போடு ஒட்டித் தைத்தால், காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் உட்காரும் இடத்திலும் முழங்கையிலும் பை விழுந்து தொங்கும்.

25 சதவீதத்துக்குள் நிற்கிற துணி என்றால், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற கெட்டியான இன்டர்லாக் பின்னல் மாதிரி, லூஸை 4-இலிருந்து 2 இன்ச் ஆக்கினால் போதும். 40, 50 சதவீதம் வந்து ஒழுங்காகத் திரும்பினால் லூஸ் 1 இன்ச், அல்லது உடம்பு அளவே. அதற்கு மேல் இழுபடுகிற, லெக்கிங்ஸ் துணி மாதிரியான துணியை உடம்பு அளவைவிட 1, 2 இன்ச் குறைத்துக்கூட வெட்டலாம், ஆனால் கவுனுக்கு அது வேண்டாம், மதுரை வெயிலில் உடம்போடு ஒட்டுகிற துணியைப் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள், தெரியும். உங்கள் பில்லில் இருக்கிற 180 என்பது ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை. அந்த எடையில் லைக்ரா என்ற இழுபட்டுத் திரும்புகிற நூல் கலந்த ஜெர்சி, அதாவது பனியன் துணி, 40 சதவீதத்துக்குக் குறையாமல் வரும் என்று வைத்துக்கொண்டு 37 இன்ச்சுக்குக் கணக்குச் சொல்கிறேன். உங்கள் துணி வேறு மாதிரி வந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

40-இலிருந்து 37 என்றால் 3 இன்ச் போக வேண்டும். முன் பாதி, பின் பாதி என்று பேப்பரில் நாலு பக்கத் தையல் கணக்கு, ஒன்றுக்கு முக்கால் இன்ச். மார்புக் கோட்டில் பக்கத்திலிருந்து முக்கால் இன்ச் உள்ளே வந்து, இடுப்பிலும் அதே முக்கால், கீழே போகப் போக பழைய கோட்டோடு சேர்த்துவிடுங்கள், கீழே அகன்று போகிற ஏ-லைன் விரிவு அப்படியே இருக்கும். தையலுக்கு விடும் துணி தனிக் கதை. நம் ஊரில் பக்கத்தில் ஒன்றரை இன்ச் உள்ளே விட்டுத் தைப்பது வழக்கம், பிள்ளை வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று. நல்ல வழக்கம்தான். பனியன் துணியில் அது உள்ளே சுருண்டு கயிறு மாதிரி இடுப்போரம் தெரியும். கால் இன்ச், மிஞ்சினால் தையற்காரர்கள் மூன்று நூல் என்று சொல்கிற, அரை இன்ச்சுக்கும் குறைவான அளவு, அவ்வளவுதான். நெய்த துணி மாதிரி ஓரம் பிரியாது, அதனால் பயம் வேண்டாம்.

டார்ட்டுக்கு வருவோம். உங்கள் டார்ட் பக்கத் தையலில் 1 இன்ச் அகலம் இருக்கும் என்று நினைக்கிறேன். முன் பேப்பரில் கீழ் விளிம்பிலிருந்து நேராக டார்ட் முனை வரை கத்தரித்துக்கொண்டு போங்கள், முனையில் அரைக்கால் இன்ச் ஒட்டியிருக்கட்டும். இப்போது டார்ட்டை மடித்து மூடி டேப் ஒட்டினால் கீழே தானாக வாய் பிளக்கும், டார்ட் கீழே விரிவாக மாறிவிட்டது. பின்னால் வேறு பேப்பர் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு விரிவு வேண்டாம் என்றால் பக்கத்தில் கொஞ்சம் சீவிவிடலாம். பேப்பரைக் கத்தரிக்க மனசு வராதவர்கள் இன்னொன்று செய்யலாம்: டார்ட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, முன்பக்கத் தையல் பின்பக்கத்தைவிட 1 இன்ச் நீளமாக இருக்கும் அல்லவா, அதில் அரை இன்ச்சை மார்பு மேட்டுக்கு நேரே மூன்று நாலு இன்ச் தூரத்துக்குள் லேசாக உள்வாங்கித் தைத்துவிடுங்கள், மீதி அரை இன்ச்சைக் கீழ் விளிம்பின் பக்க மூலையில் வளைவாகச் சீவிவிடுங்கள். நெய்த துணியில் அரை இன்ச் உள்வாங்கினால் சுருக்கம் விழும், ஜெர்சி அதை விழுங்கிவிடும்.

ஜிப்பைத் தூக்கிவிடுங்கள். பின் பேப்பரில் ஜிப்புக்காக விட்டிருந்த ஓரத்தைத் தையல் கோட்டில் மடித்துவிட்டு, அந்தக் கோட்டையே துணி மடிப்பில் வையுங்கள். இதில் ஒரு தப்பு எல்லோரும் செய்வது: ஓரத்தோடு சேர்த்து மடிப்பில் வைப்பது. அப்படி வைத்தால் முதுகு 1 இன்ச் கூடிவிடும், கழுத்துப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தோளும், கை பொருத்துகிற வளைவான ஆம்ஹோலும்தான் உங்கள் கவுனைக் கெடுத்திருக்கிற முக்கியமான இடம். கையின் எடையே ஜெர்சியைக் கீழே இழுக்கும். ஷோல்டரைக் கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச்சுக்குள் உள்ளே தள்ளுங்கள், ஆம்ஹோலின் அடியை அரை இன்ச் மேலே ஏற்றுங்கள். நெய்த துணியில் அக்குளை இறக்கி வெட்டினால்தான் கை தூக்க வரும் என்று பழகியிருக்கிறோம், அதனால் ஏற்றச் சொன்னால் கை நடுங்கும். பயப்படாமல் ஏற்றுங்கள், பனியன் துணியில் ஆம்ஹோல் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கை தூக்கும்போது மொத்தக் கவுனும் மேலே ஏறாது. கைக்கும் அதே மாதிரி இரண்டு பக்கமும் முக்கால் இன்ச் குறைய வேண்டும். அப்புறம் கையின் மேல் வளைவை டேப் வைத்து அளந்து பாருங்கள். நெய்த துணிப் பேப்பரில் அது ஆம்ஹோலைவிட 1 இன்ச்சாவது கூட இருக்கும், தோளில் உருண்டையாக உட்கார அது தேவை. இங்கே இரண்டும் சமமாக இருந்தால் போதும். வளைவின் உச்சியை அரை இன்ச் இறக்கி வரைந்து மறுபடி அளந்து பாருங்கள், கூட இருந்தால் இன்னும் கொஞ்சம். தைக்கும்போது பக்கத் தையல் போடுவதற்கு முன்பே கையை விரித்து வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கை நுனியிலிருந்து கவுன் அடி வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடுங்கள். பனியன் தைக்கிற இடத்தில் எல்லாம் அப்படித்தான் தைக்கிறார்கள், வேலையும் பாதி.

ஷோல்டர் தையலுக்குள் ஒரு மெல்லிய நாடா வைத்துத் தைக்க மறக்காதீர்கள், பழைய காட்டன் துணியின் ஓரத்தைக் கிழித்து வைத்தாலும் சரி. மொத்தக் கவுனும் தொங்குவது அந்த இரண்டு தையலில்தான், அது மட்டும் நீளவே கூடாது.

கழுத்து. உள்பட்டி வைக்காதீர்கள், கேன்வாஸ் ஒட்டாதீர்கள். கழுத்தை முன்னால் அரை இன்ச் மேலே ஏற்றி வெட்டிவிட்டு, அதே துணியிலோ, வரிவரியாகப் பின்னிய ரிப் துணியிலோ பட்டி வையுங்கள். பட்டி கழுத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், அதுதான் ரகசியம். கழுத்துத் தையல் கோடு சுற்றளவு 22 இன்ச் என்றால் அதில் 85 சதவீதம், பதினெட்டே முக்கால் இன்ச், அதோடு மூட்டுக்கு அரை இன்ச். லைக்ரா இல்லாத வெறும் காட்டன் ஜெர்சி என்றால் 90 சதவீதம் வையுங்கள். பட்டியை நாலாக மடித்துக் குறி போட்டு, கழுத்தையும் நாலாக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி சேர்த்து, பட்டியை மட்டும் இழுத்துத் தையுங்கள், கவுனை இழுக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் அந்தப் பட்டி உங்கள் மகள் தலையில் நுழைகிறதா என்று வட்டமாகப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் தலைச் சுற்றளவு 22 இன்ச் பக்கத்தில் வரும், கொண்டை போடுகிறவளாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் துணியை நனைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகளுக்குச் சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்குப் போட என்று அவசர அவசரமாகக் காட்டன் ஜெர்சியில் கவுன் தைத்தேன், நனைக்க நேரமில்லை, கடையில் "சுருங்காதுக்கா, எழுதித் தர்றேன்" என்றார்கள். தல்லாகுளத்தில் போட்டபோது கணுக்காலுக்கு மேல் நாலு விரல். ஒரே ஒரு தடவை துவைத்ததும் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது. அடுத்த வருஷம் அழகர் வரும்போது அவள் அதைச் சட்டை மாதிரி பேண்ட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தாள், எனக்குச் சொல்லிக் காட்டத்தான் போட்டாளோ என்னவோ. காட்டன் பின்னல் துணி நீளவாட்டில் நன்றாகச் சுருங்கும், மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் போவது சாதாரணம். தைத்த பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒரு தடவை துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காய வைத்து, அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

வெட்டும்போது துணி மேசையை விட்டுத் தொங்கக் கூடாது, தொங்கினால் இழுபட்ட நிலையில் வெட்டிவிடுவீர்கள், எடுத்துப் பார்த்தால் சின்னதாக இருக்கும். தரையில் வைத்து வெட்டுவதே உத்தமம். அதிகமாக இழுபடுகிற பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். துணியை உற்றுப் பார்த்தால் நெட்டுக்கு மெல்லிய கோடாகக் கண்ணிகள் ஓடுவது தெரியும், பேப்பரின் நடுக்கோடு அதோடு ஒட்டிப் போகட்டும். ட்யூப்பாக வந்த துணி என்றால் மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வரி விழுந்திருக்கும், துவைத்தாலும் போகாது, அதை முன்பக்க நடுவில் வைத்துவிடாதீர்கள். நல்ல பக்கம் எது என்று குழப்பமாக இருந்தால் குறுக்கே வெட்டிய ஓரத்தை இழுத்துப் பாருங்கள், சிங்கிள் ஜெர்சி எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் நல்ல பக்கம்.

ஊசியை மாற்றுங்கள். சாதாரண ஊசி கூர்முனை, கண்ணியைக் குத்திக் கிழிக்கும், இரண்டு தடவை துவைத்ததும் தையல் ஓரம் பொத்தல் பொத்தலாக வரும். பால் பாயிண்ட் ஊசி, 11 நம்பர், முனை மழுங்கலாக இருப்பதால் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். தையல் விட்டு விட்டு விழுவதும் இதிலேயே பாதி சரியாகும். நூல் பாலியஸ்டர். மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அகலத்தை அரைப் புள்ளிக்கு வைத்துக்கொண்டு நேர்த்தையல் மாதிரியே தையுங்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, இழுத்தால் அறாது. கீழ் மடிப்பை அன்றைக்கே தைக்க வேண்டாம். கவுனை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, துணி இறங்குகிற மட்டும் இறங்கிய பிறகு சமமாக வெட்டி மடியுங்கள்.

தைத்துக் கெட்டதை வீசிவிடாதீர்கள். பெரிதாக இருப்பதால் அதைச் சின்னதாக்கலாம், சின்னதாக இருந்திருந்தால்தான் வழியில்லை. ஜிப்பையும் டார்ட்டையும் பிரித்துவிட்டு முதுகை மூடித் தைத்து, கையைக் கழற்றி, புதுப் பேப்பரை மேலே வைத்து மறுபடி வெட்டுங்கள். டார்ட் இருந்த இடத்தில் ஊசித் தடம் கொஞ்சம் தெரியும். வீட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மெஷின், நேர்த்தையல் மட்டும்தான். பனியன் துணி தைக்கவே முடியாதா? (வாசகி, மேலூர்)

பதில்: முடியும், மாடலைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரத்தனம் வேண்டும். நேர்த்தையல் அறுவது தையல் இழுபடுகிற இடத்தில் மட்டும்தான். பக்கத் தையலும் ஷோல்டரும் நெட்டுக்குப் போகிற தையல், அவ்வளவாக இழுபடாது, தையலைச் சின்னதாக வைத்து, துணியை மிக லேசாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டி ஒட்டி இரண்டு ஓட்டம் போட்டால் நிற்கும். மாட்டிக்கொள்வது கழுத்திலும் கை நுனியிலும்தான். கழுத்தை 23 இன்ச்சுக்கு மேல் அகலமாக வெட்டிவிட்டால் தலை நுழையும்போது அது இழுபடவே தேவையில்லை, கையை லூஸாக விட்டால் அங்கேயும் தேவையில்லை, கீழே ஏ-லைன் விரிவு இருந்தால் அதுவும் அப்படியே. இழுபட வேண்டிய அவசியம் இல்லாத உடுப்பாக வெட்டிவிட்டால் எந்த மெஷினும் தைக்கும். உடம்போடு ஒட்டுகிற டாப், லெக்கிங்ஸ் இதெல்லாம் மட்டும் அந்த மெஷினில் வேண்டாம். ஓரம் ஓவர்லாக் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அடித்தால் அழகாக இருக்கும், விளக்குத்தூண் பக்கம் போகும்போது யாரிடமாவது கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு தையற்காரனாகக் கேட்கிறேன். சுடிதார், பிளவுஸ் எல்லாம் 20 வருஷமாகத் தைக்கிறேன். பவர் மெஷினில் டி-சர்ட் துணி கீழ் மடிப்பு மட்டும் நெளிகிறது. கஸ்டமரிடம் முழிக்க வேண்டியிருக்கிறது. (வாசகர், செல்லூர்)

பதில்: அண்ணே, நீங்கள் தைக்கிற விதத்தில் கோளாறு இருக்காது, பூட் அழுத்தம்தான். பவர் மெஷினில் பூட் மேல் துணியை அழுத்திப் பிடிக்கிறது, கீழே பல் துணியைத் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஜெர்சி இழுபட்ட நிலையிலேயே தைபட்டுவிடுகிறது. மேலே இருக்கிற அழுத்தத் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக்கி, கையால் இழுக்காமல் துணியை உள்ளே கொடுத்தபடி தைத்துப் பாருங்கள். பிளவுஸ் கிராஸ் துணியில் கை இழுத்து இழுத்துப் பழகியிருக்கும், அந்தப் பழக்கம் போக ஒரு வாரம் ஆகும். ஓவர்லாக் மெஷினில் டிஃபரன்ஷியல் இருந்தால் 1-க்கு மேல் வையுங்கள், முன் பல் கூடுதலாகத் துணியைத் தள்ளிக் கொடுக்கும், நெளிவு நிற்கும். நெளிந்துவிட்டதை ஸ்டீம் அயர்னை மேலே பிடித்து, தேய்க்காமல் அமுக்கி எடுத்தால் பாதி அடங்கும். இந்த வேலை தொடர்ந்து வருகிறது என்றால் ஒரு பழைய பிளாட்லாக் மெஷின் வாங்கிப் போடுவதுதான் லாபம், டி-சர்ட் அடியில் வரும் இரட்டைத் தையல் அதில்தான் போடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு மார்பு 42. பனியன் துணியில் டார்ட் வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்துவிட்டுத் தைத்தால் அக்குளிலிருந்து மார்பு வரை கோடு கோடாக இழுக்கிறது, முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. (வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: எல்லோரும் சொல்வதை விடுங்கள், டார்ட்டை வையுங்கள். 1 இன்ச் டார்ட்டைத் துணி விழுங்கும், 2 இன்ச் டார்ட்டை விழுங்காது. பாதியை மேலே சொன்ன மாதிரி கீழ் விரிவில் விட்டுவிட்டு, மீதிப் பாதியை டார்ட்டாகவே பிடியுங்கள். முனையை மார்பு உச்சிக்கு 1 இன்ச்சுக்குக் குறையாமல் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், கடைசி அரை இன்ச்சை ஓரத்தோடு ஒட்டியே சாய்வாக ஓட்டி, முனையில் ரிவர்ஸ் அடிக்காமல் நூலை விட்டு முடிச்சுப் போடுங்கள், மொட்டு வராது. இன்டர்லாக் துணி எடுத்தால் இன்னும் நன்றாக உட்காரும்.

கேள்வி: திருப்பூரில் துணி கிலோ கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கவுனுக்கு எத்தனை கிலோ கேட்பது? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: காய்கறி மாதிரி கேட்க வெட்கமாக இருக்கும், பழகிவிடும். அகலத்தை மீட்டரில் எடுத்து ஜி.எஸ்.எம்.மோடு பெருக்குங்கள், ஒரு மீட்டர் நீளத் துணியின் எடை வந்துவிடும். 60 இன்ச் அகலம் என்றால் சுமார் ஒன்றரை மீட்டர், 180 ஜி.எஸ்.எம்., பெருக்கினால் 270 கிராம். ஆக, கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் வரும். கை வைத்த கவுனுக்கு ஒன்றே முக்கால் மீட்டர், அரைக் கிலோ கேளுங்கள், சுருக்கத்துக்கும் சேர்த்து. ட்யூப்பாக இருந்தால் தட்டையாக அளந்த அகலத்தை இரண்டால் பெருக்க மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கடையில் எதை எடுத்தாலும் 'லைக்ரா' என்கிறார்கள். அது என்ன துணி? (வாசகி, திருமங்கலம்)

பதில்: துணியே இல்லை, நூல். ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புகிற எலாஸ்டேன் நூலுக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர் அது, 1958-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா என்று இருந்தால் அது காட்டன் துணிதான், இழுத்தால் ஒழுங்காகத் திரும்பும். பாலியஸ்டரில் லைக்ரா கலந்ததையும் அதே பெயரில்தான் விற்பார்கள், அது வியர்வையை இழுக்காது, சித்திரை வெயிலில் அதைப் போட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். என்ன கலவை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: துவைத்த பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்து நிற்கிறது, ஏன்? வெள்ளை ஜெர்சிக்கு லைனிங் எது வைப்பது? (வாசகி, வாடிப்பட்டி)

பதில்: சிங்கிள் ஜெர்சியின் குணம் அது, நூலின் முறுக்கு துவைத்ததும் அவிழப் பார்க்கும், கண்ணிக் கோடு சாய்ந்துவிடும். வெட்டுவதற்கு முன் துவைத்து, சாய்ந்த கோட்டைப் பார்த்து வெட்டினால் குறையும், முழுக்கப் போகாது. லைனிங்குக்குக் காட்டன் லைனிங் துணி வைத்துவிடாதீர்கள், வெளியே இழுபடும், உள்ளே இழுபடாது, மறுபடி 4 இன்ச் லூஸும் ஜிப்பும் தேவைப்படும். மெல்லிய ஜெர்சியே உள்ளேயும் வையுங்கள், உடம்பு நிறத்தில். வெள்ளைக்கு வெள்ளை லைனிங் வைத்தால் ஓரம் தெரியும்.

கேள்வி: டி-சர்ட்டைப் பிரித்து அந்த அளவில் சுங்குடியில் டாப் தைக்கலாமா அக்கா? (மாணவி, பசுமலை)

பதில்: வேண்டாம் தங்கச்சி. தலை நுழையாது, நுழைந்தாலும் கை தூக்க வராது. உன்னிடம் இருக்கிற பழைய சுடிதார் டாப்பைப் பிரித்து அளவெடு.

கேள்வி: தைத்த ஜெர்சி கவுன் பீரோவில் ஹேங்கரில் மாட்டியே நீளமாகிவிட்டது, தோளில் வேறு இரண்டு முனை துருத்துகிறது. (வாசகி, திருப்பரங்குன்றம்)

பதில்: நனைத்து, பாயில் விரித்து, கையால் நீவி நீளத்தைச் சுருக்கி விட்டுக் காய வையுங்கள், லைக்ரா கலந்திருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் அடியில் வெட்டி மறுபடி மடியுங்கள். அதற்குப் பிறகு ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள்.